பதினெட்டுப் பூசணிக்காய்கள்

எதையும் குறித்து வைக்காமல் என்னால் இருக்க முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் தங்கையின் கல்யாணம் ஏறக்குறைய நின்றுபோனது இந்தப் பழக்கத்தால்தான் என்பதால், முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செஞ்சியில் மலையடிவாரத் தெருவில் எங்கள் வீடு. பின்னால் நான்கு சென்ட் தோட்டம். தை, மாசியில் அது கொடுக்கிற காயை எங்களால் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. சித்திரை பிறந்தால் பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் அனல் விடும், கிணற்றில் வாளி தரை தட்டும், தோட்டத்தில் ஒரு மிளகாய்கூட மிஞ்சாது. பன்னிரண்டு மாதமும் சொந்தக் காய்தான் சாப்பிடுவது என்று நாற்பத்திரண்டாம் வயதில் முடிவெடுத்தேன். (அந்த வயதில் மற்ற ஆண்கள் வாக்கிங் போவதாக என் மனைவி சுமதி நினைவூட்டினாள்.)

கொத்தவரங்காயும் பாகற்காயும் மாடியில் வற்றலாயின. சேனைக்கிழங்கை மணலில் புதைத்தேன். வெள்ளைப் பூசணியைக் காம்போடு பறித்து, ஒன்றோடொன்று இடிக்காமல், காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் ஆறு மாதம் தாங்கும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் வாசல் வராந்தா மட்டும்தான். கயிற்றில் உறி பின்னி, இருபத்தொரு காய்களை அங்கே வரிசையாகக் கட்டினேன்.

எது எப்போது பறித்தது என்று தெரிய வேண்டுமே? பூசணியின் வெள்ளைப் பொடியில் பேனா எழுதவில்லை. ஆகவே குங்குமத்தைக் குழைத்து அடையாளம் வைத்தேன். இரண்டு புள்ளி என்றால் இரண்டாம் பறிப்பு. அதன் கீழே ஒரு கோடு என்றால் ஐந்து கிலோவுக்கு மேல். அந்த வருடம் எல்லாமே இரண்டாம் பறிப்பு, எல்லாமே ஐந்து கிலோவுக்கு மேல். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் கண்ணும் வாயுமாக ஒரு முகம் வந்துவிடுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. தெருவே கவனித்திருக்கிறது.

அப்போது என் தங்கை பூங்கொடிக்கு வயது இருபத்தொன்பது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா (எங்களுக்கு நைனா) இல்லாத வீட்டில் அவளுக்கு இடம் பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நான்காவது, அவலூர்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் கதிரவன். போட்டோவைப் பார்த்துவிட்டு அவளாகவே, "இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குதுண்ணா" என்றாள். அதுவரை எந்த இடத்தைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் சுமதி கெஞ்சினாள். "இன்னாங்க, இன்னிக்கி ஒரு நாளு அதுங்கள எறக்கி வெச்சிடுங்களேன்."

"தரையில வெச்சா அடி கன்னிப்பூடும்" என்றேன். மேலும், விதைக்கடைக்காரர்கள் என் முறையை மெச்சுவார்கள் என்று உள்ளூர நம்பினேன்.

வந்தவர்கள் தலையைக் குனிந்து பூசணிகளுக்குக் கீழே நுழைந்தார்கள். கதிரவனின் அம்மா ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். காசி அல்வா தட்டு வந்ததும் முகம் தெளிந்து, இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, கண்ணு படாம இருக்க வூட்டுக்கு ஒண்ணு கட்டுவாங்க. இங்க இன்னா இத்தினி?"

"பதினெட்டும்மா. இருபத்தொண்ணு இருந்துச்சு."

"மீதி மூணு?"

நான் நோட்டை எடுத்துவந்து பிரித்தேன். (ஏன் எடுத்தேன் என்று சுமதி இன்றும் கேட்கிறாள்.) "ஒண்ணு அழுகிப்போச்சு. ஒண்ண பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டோம்."

"பக்கத்து வூட்டுக்கா?"

"ஆமாம்மா. இன்னொண்ணுதான் நீங்க சாப்புடுற அல்வா."

அம்மையார் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததைத் துப்பவும் மரியாதை இடம் கொடுக்கவில்லை, விழுங்கவும் பயம் விடவில்லை. கண்ணேறு கழிக்கக் கட்டிய பூசணியை எவரும் சமைக்க மாட்டார்கள். அது ஊரார் கண்ணையெல்லாம் வாங்கி வைத்திருப்பது. அதைக் கிண்டி, நெய் விட்டு, முந்திரி தூவி நான் அவருக்கு ஊட்டியிருக்கிறேன். எனக்கு அப்போதும் புரியவில்லை. "கிழக்கு வரிசையில ஏழாவது" என்று கூடுதல் தகவல் கொடுத்தேன்.

"போன் பண்றோம்" என்று எழுந்தார்கள். போன் வரவில்லை.

"அவரு என்கிட்ட தனியா ரெண்டு வார்த்த பேசணும்னாராம். அதுக்குள்ள கெளப்பிக்கினு போய்ட்டாங்க" என்று பூங்கொடி சுமதியிடம் சொன்னாள். என்னிடம் பதினொரு நாட்கள் எதுவுமே சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். வீட்டில் எனக்குத் தெரிந்து அதைவிட நீளமான பதினொரு நாட்கள் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள், முகம் போட்ட ஒரு பூசணியைப் பையில் வைத்துக்கொண்டு அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். கடை வாசலிலேயே அம்மையார் கை நீட்டித் தடுத்தார்.

"அத்த உள்ள எடுத்தாராத தம்பி!"

நான் படியில் உட்கார்ந்தேன். கொண்டுபோன கத்தியால் பூசணியை அறுத்து, ஒரு துண்டைப் பச்சையாகத் தின்றேன். "இது வெறும் காய்மா. சேத்து வெக்கத்தான் தொங்கவுட்டேன். தப்பு என்னோடது. என் தங்கச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." இன்னொரு துண்டையும் தின்றேன். விதை வாங்க வந்தவர்கள் கூடி நின்றார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் அறுத்துத் தின்றேன்.

கதிரவன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டேய், வாணான்டா!" என்றார் அம்மையார்.

அவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினான். "எனக்கு ஒண்ணும் ஆவலியேம்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்க நம்பர் குடுங்கண்ணா. நானே பேசறேன்" என்றான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போதும் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தால், இலையில் கூட்டோ பொரியலோ எது விழுந்தாலும் கையை மேலே நிறுத்திக்கொண்டு, "தம்பி, இது தொங்குனதா, கெடந்ததா?" என்று கேட்பார். பூங்கொடி புரையேறும் வரை சிரிப்பாள். கதிரவனின் சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்திகளிலும் இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியதில், சமையல்காரர்கள் திருதிருவென்று விழிக்கிறார்களாம்.

"கெடந்ததுதாம்மா" என்பேன். வாழ்க்கையில் தெரிந்தே நான் சொல்லுகிற ஒரே பொய் அதுதான்.