மூன்றாம் மிதிக்கு நிற்காத கார்

உ
காமாட்சி துணை

காஞ்சிபுரம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி தம்பி தணிகாசலத்துக்கு அக்கா மங்கையர்க்கரசி அநேக ஆசீர்வாதம். இவ்விடம் அம்பாள் கிருபையால் நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ வாங்கிக் கொடுத்த கார் சௌக்கியமில்லை. அவ்விடம் உன் சௌக்கியத்தையும் தேவகி, குழந்தைகள் சௌக்கியத்தையும் எழுதவும். அதோடு முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கையும் அனுப்பவும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் விவரம் சொல்லாமல் கேட்டால் நீ கொடுக்கிற ஆள் இல்லை என்பதால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரரிடம் நீ பேசி முடித்த கார், புடவை வியாபாரத்துக்கென்றே செய்தது போல இருக்குது, குறை சொல்லவில்லை. பின்கதவை மேலே தூக்கினால் பட்டுப்புடவை மூட்டை கசங்காமல் உள்ளே போகிறது. அதை வைத்துக்கொண்டு வாரம் ஒருதரம் மெட்ராஸ் கடைகளுக்குப் போய்வந்துகினு இருந்த மனுஷரை, "மாமா, இந்த வண்டியைச் சோழவரம் கார் ரேசுலே விட்டா பறக்கும்" என்று ஏற்றிவிட்டு, பந்தயத்துக்கு அவர் பெயரையும் கொடுத்துவிட்டாய். மோட்டார் ஷெட்டில் வேலை செய்கிறவன் நீ, நீ ஓட்டலாம். பட்டுக்கு விலை பேசுகிறவருக்கு எதுக்குப்பா? சரி, கொடுத்தது கொடுத்தாகிவிட்டது, தெருவே அதைத்தான் பேசுகிறது, இனிமேல் பின்வாங்கினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். போகிறவர் முழுசாகத் திரும்பி வரவேண்டும், எனக்கு வேறே கவலை இல்லை.

இந்தக் கார் முதல் மிதிக்கு நிற்கிறது. இரண்டாம் மிதிக்கு யோசித்து நிற்கிறது. மூன்றாம் மிதிக்குப் பெடல், தறிக்குழியில் கால் இறங்குகிற மாதிரி அடிவரைக்கும் இறங்குகிறது, கார் தன் பாட்டுக்குப் போகிறது. இரண்டு வாரத்துக்கு முந்தின புதன்கிழமை மெட்ராசிலிருந்து ரேசுக்குப் பழகுகிறேன் என்று விரட்டிக்கொண்டு வந்தவர், ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பஸ்ஸுக்காக ஒரு மிதி, மாட்டுவண்டிக்காக ஒரு மிதி மிதித்துவிட்டு நம் தெருவில் திரும்பினார். தெருவில் துரைக்கண்ணு, நமக்கு நெய்து கொடுக்கிறவர்தான், தறியில் ஏற்றுகிற அரக்கு நிறப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கினு இருந்தார். கார் நேரே பாவுக்குள் புகுந்து, பட்டு இழையெல்லாம் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, கட்டியிருந்த கழியையும் பிடுங்கிக்கொண்டு, கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றது. துரைக்கண்ணு காரை ஒரு சுற்று வந்து, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "உங்க பிரேக் நிறுத்தாததை என் பாவு நிறுத்திச்சேம்மா. இதையே சக்கரத்துக்குக் கட்டிக்கினு சோழவரம் போவச் சொல்லுங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேறே பாவுக்கு நூலை நம் கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

அன்றைக்கே உனக்கு எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? ரேஸ் வண்டி ஓடுறதுக்குத்தான் அக்கா, நிக்கிறதுக்கு இல்லே, மாமாவைத் தைரியமா இருக்கச் சொல்லு என்று போட்டாய். அந்தத் தைரியத்தை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்றும் எழுதியிருக்கலாம்.

உன் பதிலைப் பார்த்துவிட்டு உன் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார். அத்தனை பெரிய தேரைக் கட்டை போட்டு நிறுத்துகிறவர் இத்தனூண்டு காரை நிறுத்தமாட்டாரா என்று கேட்டார். விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் அவரைக் கட்டையோடு நிற்கவைத்துவிட்டு, இவர் தூரத்திலிருந்து காரில் வேகமாக வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கினே நானும் போய் ஓரமாக நின்றேன். கண்ணாயிரத்தைச் சொல்லிக் குற்றமில்லை, தேருக்குப் போடுகிற மாதிரியே பிசகில்லாமல் சக்கரத்துக்கு முன்னே போட்டார். கார் கட்டைமேல் ஏறிக் குதித்து, நாற்று நட்ட வயலில் இறங்கி, சேற்றில் உட்கார்ந்துகொண்டது. உன் மாமாவுக்கு மோவாயில் அடி. கண்ணாயிரம் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கினு, "தேருக்கு நிக்கிற புத்தி இருக்குதும்மா, நாம ஞாபகப்படுத்தினா போதும். இதுக்கு அந்தப் புத்தியே வெக்கலே" என்றார். பிறகு தேர் இழுக்கிற ஆட்களையே கூட்டிவந்தார். அவர்கள் பழக்கதோஷத்தில் அரோகரா போட்டுக்கொண்டே காரை ரோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். நானும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இனிமேல் உன்னையும் நம்பக்கூடாது, உன் மாமாவையும் நம்பக்கூடாது என்று, காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். இப்போது இருப்பது டிரம் பிரேக். மூடிபோட்ட பாத்திரம் மாதிரி சூடு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு விட்டுப்போகிறது. டிஸ்க் என்பது காற்றுபடச் சுற்றுகிற தட்டு, அதை இரண்டு பக்கமும் பேடு என்கிற கட்டை கவ்வுகிறது, சூடு காற்றோடு போய்விடுகிறது. உங்கள் ஷெட்டில் இதே ஜாதிக் கார் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது, அதற்கு முன்சக்கரத்தில் டிஸ்க் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். அதைக் கழற்றி அனுப்பு. தட்டு, பேடைப் பிடித்திருக்கிற கவ்வி, ரப்பர் குழாய் எல்லாம் வேண்டும், தட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். ரேசுக்கென்று கெட்டிப் பேடாக அனுப்பிவைக்காதே, அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்குமாம். காலையில் கிளம்பினதும் எதிரே மாடு வரும், பேடு சூடேறட்டும் கொஞ்சம் இரு என்று அதனிடம் சொல்ல முடியுமா? சோழவரத்துக்கும் ஆகணும், நம் தெருவுக்கும் ஆகணும், அப்படிப்பட்ட பேடாகப் பார். பிரேக் ஆயில் சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும், பழசு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு சூட்டில் கொதித்துவிடுமாம். இங்கே மெக்கானிக் பரசுராமன் மாட்டித் தருகிறேன் என்கிறார். குழாயிலிருந்து காற்றை எடுக்க ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து மிதிக்கணுமாம், நானே மிதிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிரேக் வந்து மாட்டுகிறவரைக்கும் கார் கொட்டகையை விட்டு நகராது. சாவி என் தாலிச்சரட்டில் தொங்குகிறது. இரண்டும் ஒரே விஷயம்தான் என்று உன் மாமாவிடமும் சொல்லியாகிவிட்டது. நீ அனுப்பாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நானே ஷெட்டுக்கு வந்து, உன் முதலாளி முன்னால் உட்கார்ந்து கழற்றிக்கொண்டு வருவேன். அம்பாள் குங்குமம் இதில் மடித்து வைத்திருக்கிறேன், தேவகியை இட்டுக்கொள்ளச் சொல். குழந்தைகளுக்கு என் முத்தம். உனக்கு ஆசீர்வாதம், அது பிரேக் வந்தபிறகு பலிக்கும்.

இப்படிக்கு,
அக்கா மங்கையர்க்கரசி

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி உன் மாமாவிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டு, "அனுப்பாதே அரசி, பிரேக் வந்துட்டா நான் ஓட்டியாகணுமே" என்றார். நீ பெயர் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு ரேசென்றாலே பயமாம். மச்சானான உன்னிடம் போய் அதை எப்படிச் சொல்வது, பிரேக் சரியில்லை என்றால் மரியாதையாக ஒதுங்கிவிடலாம் என்று இருந்தாராம். கண்ணாயிரத்தைக் கூப்பிட்டதுகூட, கட்டைக்கும் நிற்காத கார் என்று காட்டி ஒதுங்கத்தானாம். ஆகையால் அவர் ஓட்டமாட்டார், பெயரை அடித்துவிடு. பிரேக்கை மட்டும் அவசியம் அனுப்பு, மெட்ராஸ் ரோட்டில் அவர் போய்வரணும். தவிர, இவ்வளவு படித்த பிறகு அது வேகத்தில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்காமல் எனக்கும் தூக்கம் வராது. கார் நகராமலே கியர் போடப் பரசுராமன் சொல்லிக்கொடுத்துவிட்டார். சோழவரத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பந்தயம் உண்டாமே. காலைப் பிரித்து உடுத்துகிற மடிசார் எனக்குக் கட்டத் தெரியாது, சாதாரணக் கட்டுப் புடவையோடு விடுவார்களா என்று விசாரித்து எழுது.