நிப்பு நோட்டக்காரர்

எழுதுகிறவர்கள் ஒரு ரகம், எழுதாதவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. எழுதிப் பார்க்கிறவர்கள். நகைக்கடையில் பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்பதுபோல, பேனா முள்ளை உரைத்து உரைத்துப் பார்த்தே ஆயுளைக் கழிக்கிற இந்த இனத்துக்கு நிப்பு நோட்டக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருக்கும். தபால்காரர் ஒரு கையெழுத்துக்கு இரவல் கேட்டால் மூன்றையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். ஏனாம்? ஒருவர் கைக்குப் பழகின நிப்பு இன்னொருவர் கை பட்டால் கெட்டுப்போகுமாம். பெண்டாட்டி கை பட்டாலுமா என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கை பட்டால்தான் முதலில் கெடும் என்பார்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு வாய்த்த நோட்டக்காரர் கைலாசம் அண்ணாச்சி. இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அலமாரியில் இருக்கிற பேனாக்களில் ஒன்றின் விலைக்குப் புளியங்குடிச் சந்தையில் ஒரு வண்டி எலுமிச்சை ஏற்றலாம். புதுப் பேனா வந்த அன்று வீட்டில் ஃபேன் ஓடாது, காற்றுப் பட்டால் நிப்பு காய்ந்துவிடும். டிவி ஓடாது, நிப்பு காகிதத்தில் உரசுகிற சத்தம் காதில் விழவேண்டும். அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உட்காருவார். அரை மணி நேரத்தில் குறை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் இன்னும் அரை மணி நேரம் உட்காருவார். நிப்பின் இரண்டு காலில் ஒன்று தூக்கல், அடியில் இருக்கிற நாக்கு மயிரிழை கோணல், மை பாய்கிறது, மை பாயவில்லை, மை அளவாக வருகிறது ஆனால் அதில் உயிர் இல்லை!

“தங்க நிப்புன்னு போட்டுட்டா போதுமா? தரம் பாக்கதுக்குன்னு கம்பெனில ஒருத்தன உக்கார வச்சிருக்கான்லா, அவன் தூங்குதான்வே!” என்று ஜெர்மனியில் இருக்கிற ஒரு முகம் தெரியாத மனிதனைத் தென்காசியிலிருந்து ஏசுவார். அப்புறம் கம்பெனிக்கு நீளமாகப் புகார் போகும். அதைப் பேனாவால் எழுதுவார் என்றா நினைத்தீர்கள்? செல்போனில், கட்டை விரலால் தட்டுவார்.

சரி, அந்தப் பேனாக்களால் என்னதான் எழுதுகிறார்? வரிசையாக எட்டு எட்டாகச் சுழிப்பார். அதன் கீழே ‘கைலாசம், தென்காசி’ என்று எழுதுவார். மறுபடியும் எட்டு, மறுபடியும் கைலாசம். நான் பார்த்த வரையில் வேறொரு வார்த்தை அந்த நிப்புகளிலிருந்து இறங்கியதில்லை.

இந்த இனம் கூட்டமாகவும் திரியும். போன சாரல் சீசனில் ஐந்தாறு நோட்டக்காரர்கள் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் இடிபட்டு நிற்கிறது, இவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் நிப்பை இன்னொருத்தர் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளும் ஒருத்தர் தலையும் நனையவில்லை. ஈரக் கையோடு பேனாவைத் தொடக்கூடாதாம். குற்றாலத்துக்கு வந்து லாட்ஜ் பாத்ரூம் வாளியில் மொண்டு ஊற்றிவிட்டுப் போன கூட்டத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்?

இந்த ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் யஹ்யா, அண்ணாச்சி சொல்லியனுப்பிய ஒரு பேனாவை வாங்கி வந்து கொடுத்திருந்தார். அதே ரகத்தில் ஏற்கெனவே மூன்றைக் குறை சொல்லிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார், இது நாலாவது. அன்று காலையிலேயே ஃபேன் நின்றுவிட்டது. அடுக்களையில் அண்ணாச்சியின் மனைவி மங்களேஸ்வரி அக்காவுக்கு விடியும்போதே வயிற்றுவலி.

“ஏங்க, வயிறு ஒரு மாதிரி பண்ணுது. இங்கன வாங்களேன்.”

“இரு, வாரேன்.”

இந்த “இரு” இருக்கிறதே, இந்த இனத்தின் தாரக மந்திரம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். “இரு, மை இறங்கிட்டிருக்கு.” மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. படிக்க வாங்கின நியூஸ் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போன நான்தான், அக்கா அடுக்களைத் தரையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியிருந்தது. அண்ணாச்சி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் காரை எடுத்துக்கொண்டு வந்து அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டுப் பார்த்தால், மனுஷன் அலமாரியைத் திறந்துகொண்டு நிற்கிறார். “இரும்வே, ஆஸ்பத்திரில கையெழுத்து கேப்பான்லா” என்று மூன்று பேனாவைப் பொறுக்கிப் பையில் குத்திக்கொண்டார். செருப்புப் போட மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, இப்போதே ஆபரேஷன், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அனுசியா என்கிற நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து, அங்கே வழக்கம் அப்படித்தான், புருஷனிடம் நீட்டினாள். கூடவே ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் நீட்டினாள். அண்ணாச்சி அதைச் செத்த பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து முதல் பேனாவை உருவினார்.

எழுதவில்லை.

“ஒதறுங்க சார், எழுதும்” என்றாள் அனுசியா.

“ஒதறவா! இது என்ன பேனான்னு தெரியுமா சிஸ்டர்?”

“சார், தியேட்டர்ல டாக்டர் நிக்காவ.”

இரண்டாவது பேனா எழுதியது. ஒரு புள்ளிதான் வைத்தார், அது காகிதத்தில் கசிந்து மிளகளவு ஆனது. அண்ணாச்சி படிவத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பேப்பர் சரியில்லையே. மை ஊறுது. கொஞ்சம் நல்ல பேப்பர்ல இந்த ஃபாரம் கிடைக்குமா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கிச் சிற்றாற்றில் வீசியிருப்பேன், ஆறு பக்கத்தில் இல்லை. அவர் “இரு, இன்னொண்ணு இருக்கு” என்று மூன்றாவதின் மூடியைத் திருக ஆரம்பித்தார். திருகு மூடி. மெதுவாகத்தான் திருகவேண்டுமாம்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை நீண்டது. “ஏட்டி அனுசியா, அதை இங்கன கொண்டா.” பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா சொன்னாள். “வயிறு என் வயிறு. நான் போட்டா செல்லாதா?”

“பேஷண்ட் போட்டாத்தான் ரொம்ப நல்லது ஆச்சி.”

மல்லாந்து கிடந்தபடியே, அனுசியாவின் உள்ளங்கையை மேஜையாக வைத்து, அந்தப் பால்பாயிண்டால் மங்களேஸ்வரி என்று முழுப் பெயரையும் எழுதினாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. அண்ணாச்சி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வருமோ என்று பார்த்தேன். “மல்லாக்கப் படுத்துக்கிட்டு எழுதினா பால்பாயிண்ட்ல மை இறங்காதே, எப்படி இறங்குச்சு?” என்றார்.

அக்கா பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை நான் அண்ணாச்சியின் காதில் இரண்டு தடவை போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. காலை மாத்திரையை ராத்திரி கொடுத்தார். அக்கா பார்த்தாள், நான் இருக்கும்போதே அலமாரிக்கு நடந்துபோய்க் கைக்கு வந்த பேனா ஒன்றை எடுத்தாள். துபாய்ப் பேனா. மாத்திரைக் கவர்களை, மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற அந்தச் சொரசொரப்புக் காகிதக் கவர்களை, மடியில் வைத்து ‘காலை’, ‘மதியம்’, ‘ராத்திரி’ என்று பட்டுப் பட்டென்று எழுதினாள். எழுத்து ஒன்றும் விடவில்லை, ஒன்றும் ஊறவில்லை.

அண்ணாச்சி ஒரு கவரை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “விட்டு விட்டு எழுதலியா? கீறலியா?”

“எழுதினேன், எழுதுச்சு” என்றாள் அக்கா. மூடியை ஒரே திருகாகத் திருகி அவர் பையில் குத்தினாள்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அன்று சாயங்காலமே கம்பெனிக்குக் கட்டை விரலால் புகார் போனது. உங்கள் பேனா என் கையில் ஒரு மாதிரியும் என் மனைவி கையில் ஒரு மாதிரியும் எழுதுகிறது, இதுவா தரக் கட்டுப்பாடு என்று.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டில் தங்க நிப்பு கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் புதுக் காமிராவில் ஒளி சரியாக விழுகிறதா, காபிப் பொடியில் சிக்கரி எத்தனை, செல்போனில் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எதையாவது நோட்டம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டிருக்குமே, “இரு, வாரேன்” என்று சொல்லியிருப்பீர்களே?

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எத்தனாவது தடவையோ! எழுந்து போய்ப் பாருங்கள் ஐயா. இதில் இருக்கிற குறையை வந்து சொல்லலாம்.