மாப்பிள்ளை அனுப்பிய புத்தகமும் தலைமை ஆசிரியையின் சிவப்புத் துணியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவேன். இந்தத் தடவை உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அதை முடிவு செய்வதாக இருக்கிறேன்.

கடல் கடந்து போய் அகதி முகாமில் தண்ணீர்க் குழாய் போடுகிற இன்ஜினியர் நீ. எனக்கு அதில் பெருமைதான்; தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்திருக்கிறேன். ஆனால் முகாம் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று உன் அக்காவுக்கு எழுதினாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதோடு விட்டாயா? அம்மா எங்கே போகிறாள் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள் என்று ஒரு படப் புத்தகத்தையும் அனுப்பி வைத்தாய். உன் அக்காவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட், ஆகவே வாசித்துக் காட்டும் உத்தியோகம் எனக்கு. சரி, கூடாரம், பசி, ஊசி என்றெல்லாம் கேட்டால் பிள்ளைகள் பயந்துபோய் 'போகாதேம்மா' என்று காலைக் கட்டிக்கொண்டு அழும், நம் காரியம் சுலபமாக முடியும் என்று மனக்கோட்டை கட்டி, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். இரண்டும் அழவில்லை. என் தையல் கடையிலேயே முகாம் போட்டுவிட்டன.

அந்தப் புத்தகத்தில் ஒரு நர்ஸ் குழந்தையின் மேற்கையில் மூன்று நிற நாடாவைச் சுற்றி, அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்கிறாள் அல்லவா? பச்சையில் முட்டினால் நல்லது, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. தையல்காரன் வீட்டில் நாடாவுக்கா பஞ்சம்? பெரியவள் என் கத்திரியை எடுத்து, என் மெஷினிலேயே உட்கார்ந்து தைத்துவிட்டாள். பச்சை என்னுடைய லைனிங் துணி, மஞ்சள் வெட்டிப்போட்ட மிச்சம், சிவப்பு மட்டும் தலைமை ஆசிரியை ஆண்டு விழாவுக்குத் தைக்கக் கொடுத்த துணி, அதுவும் நட்ட நடுவிலிருந்து. மறுநாள் பேன்ட் அளவு கொடுக்க பேங்க் மேனேஜர் வந்தார். நான் அளவு நாடாவை எடுப்பதற்குள் அவர் கையில் இவர்கள் நாடா ஏறிவிட்டது. எட்டவில்லை. "இவருக்கு நாடாவே பத்தலப்பா. ரொம்ப நல்லா இருக்காரு. டீ கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு வந்த டீயை, மீட்டர் கணக்கெடுக்க வந்த ஒல்லியான ஆளிடம் நீட்டினாள் பெரியவள். அவர் மஞ்சளாம். மேனேஜர் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சாயங்காலம் தலைமை ஆசிரியை வந்து, "என் துணி எங்கே?" என்று கேட்டார். நான் அலமாரியில் தேடுவதுபோல் பாவனை செய்கையில், சின்னவன் வாலு நாடா சுற்றிய தன் கையைத் தூக்கிக் காட்டி, "இங்க இருக்கு டீச்சர்" என்றான்.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். எதையும் கொடுப்பதற்கு முன்னால் என்ன தேவை என்று கேட்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பெரியவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னப்பா தேவை?"

"அம்மா எங்கயும் போகக் கூடாது."

"அது தேவை இல்லப்பா, ஆசை. ரெண்டும் வேற வேற."

"சரி, அம்மா போயிட்டா யாரு சமைப்பாங்க? உனக்கு யாரு ஜடை போடுவாங்க?"

"இப்ப சொன்னீங்களே, அது தேவை. அதுக்கு உங்களுக்குப் பயிற்சி கொடுக்கணும்."

கொடுத்தார்கள் மாப்பிள்ளை, கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாவாடைக்குக் கொசுவம் வைக்கிறவன் நான், மூன்று கால் பின்னலுக்கு முன்னால் தோற்றுப்போனேன். நான் போட்ட ஜடை துணி மாட்டும் ஹேங்கர் மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. சோறு வைத்தேன், முதல் நாள் குடிக்கும்படி இருந்தது, மறுநாள் கரண்டியை உள்ளே விட்டால் வெளியே வரவில்லை. சாப்பிட்டுப் பார்த்த உன் அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஆகவே நீ ஒரு காரியம் செய். 'நர்ஸ் வேலைக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது' என்று உன் அக்காவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. சின்னப் பொய்தான், நான் மூச்சு விட மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் மெஷினை மூடுவேன். அது கேட்காமல் எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயே போட்ட குழாயானாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. பிள்ளைகள் முத்தம் அனுப்பச் சொன்னார்கள். உனக்கு அதற்குத் தகுதியில்லை என்றாலும் அனுப்பியிருக்கிறேன்.

உன் மேல் கடுங்கோபத்திலிருக்கும்,
மச்சான்.

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்து தொலைக்காதே. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் அக்கா வந்தாள். "நான் போகலைங்க. நீங்க படுற பாட்டைப் பார்க்க முடியல. வரலன்னு தம்பிக்குச் சொல்லிடறேன்" என்றாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குள் வாலு, "அப்ப அந்தக் கூடாரத்துப் பாப்பாவுக்கு மஞ்சள் சிவப்பாயிடுமாப்பா?" என்று என்னைக் கேட்டான். கடைசிப் பக்கத்தில், நாடா மஞ்சள் காட்டிய அந்தப் பாப்பா கூடார வாசலில் நர்ஸ் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் என்னால் ஒரு நாளும் குரலை ஏற்றி இறக்கி வாசிக்க முடிந்ததில்லை. எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, "அதெப்படிப் போகாம இருப்ப? அங்க ஒரு பிள்ளை உனக்காக வாசல்ல காத்துக்கிட்டு இருக்கு, நீ என் சோத்தைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கியா?" என்று கத்திவிட்டேன். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார்கள். உன் அக்கா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு பாஸ்போர்ட்டைத் தேடப் போனாள்.

அவளுக்கு ஒரு நல்ல பை தைத்துக்கொண்டிருக்கிறேன். உள்பாக்கெட், தலைமை ஆசிரியையின் சிவப்புத் துணியில் மிஞ்சியது. அடுத்த மாதம் வந்து இறங்குவாள், நீயே போய் அழைத்துக்கொள், ஆறு மாதம் முடிந்ததும் நீயே ஏற்றி அனுப்பு. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? ஒரு முகாமுக்கே தண்ணீர்க் கணக்குப் போடுகிறவன் நீ, உடனே பதில் எழுது.