எல்லாக் கட்டிலுக்கும் பொருந்தும் டிப்ளமோ

செங்கல்பட்டு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் முஜீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நெதர்லாந்துக் குளிரிலும் மழையிலும் நீயும் உன் வீட்டாரும் சளி பிடிக்காமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும், உன் அக்கா ஜெய்புன்னிசாவும், மகள் ரிஃபானாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாமே என்பாய். போன முறை நான் பேசி அனுப்பியதை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்டதாக உன் மனைவியே சொல்லிவிட்டாள். அந்த வேகத்தில் கேட்டால் என் கோபம் கோழி கொக்கரிப்பது போலத்தான் இருக்கும். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது பார். ஆனால் தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் அட்மிஷனே முடிந்துவிடும். அதனால் எழுதி முடித்ததும் ரிஃபானா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நிறுத்தி, நிதானமாகப் படி.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாமல்லபுரத்தில் நடந்த கல்யாணத்தில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பிரியாணித் தட்டில், அந்த சகனில், என் எதிரே உட்கார்ந்துகொண்டு நீ என்ன சொன்னாய்? "மச்சான், ஸ்டேட் போர்டுல போட்டுப் பொண்ணைக் கெடுக்காதே. திருவிடந்தைகிட்ட இண்டர்நேஷனல் ஸ்கூல் கீது. ப்ளஸ் டூவுக்குப் பதிலா அங்க குடுக்கற டிப்ளமோ கையில இருந்தா உலகத்துல எந்த யுனிவர்சிட்டியும் வா வான்னு கூப்புடும்" என்றாய். நான் இருபது வருடமாக மெத்தை விற்கிறவன். கடைக்கு யார் வந்தாலும் முதலில் "கட்டில் இன்னா அளவு?" என்றுதான் கேட்பேன். எல்லாக் கட்டிலுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு மெத்தையை விற்றால், மறுநாள் காலையில் அது என் கடை வாசலில் வந்து விழும், கூடவே நாலு வசவும் விழும். அப்படிப்பட்ட நான் உன் வாயில் இருந்த பிரியாணியையும் உன் பேச்சையும் பார்த்து மயங்கி, ஓர் அளவும் கேட்காமல் பெண்ணை அங்கே சேர்த்தேன். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை நன்றாகத்தான் படித்தாள். கடற்கரைக்குப் போனால் மற்ற பிள்ளைகள் சுண்டல் தின்னும், இவள் மணலை அளந்தாள். அலையைத் தடுக்கக் கல் கொட்டிய இடத்துக்கு ஒரு பக்கம் மணல் சேருவதையும் மறு பக்கம் மீனவர் வீட்டு வாசல் வரை கடல் வருவதையும் பற்றி இவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாத்தியாரே எழுந்து நின்று கை கொடுத்தாராம். கடலோரத்தைக் காப்பாற்றும் படிப்புதான் படிப்பேன் என்று அன்றைக்குச் சொன்னவள், இன்றைக்கு வரை மாற்றிச் சொல்லவில்லை.

போன வருடம் ஜூலையில் ரிசல்ட் வந்தது. முப்பத்தாறு. நாற்பத்தைந்துக்கு முப்பத்தாறு, நல்ல மார்க் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து போன் செய்து வாழ்த்தினார்கள். நான் தலைகால் புரியாமல் ஜாங்கிரி வாங்கி பஜார் முழுக்கக் கொடுத்தேன். பக்கத்துப் பாத்திரக் கடை கோதண்டராமன் ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டே "பாப்பா மார்க் இன்னா பாய்?" என்றார். முப்பத்தாறு என்றேன். மெல்லுவதை நிறுத்திவிட்டார். என் தோளில் கை வைத்து, "வுடு பாய், முப்பத்தஞ்சு தாண்டிடுச்சில்ல? பாஸ் பாஸுதான். பொண்ணை ஒண்ணும் திட்டாதே" என்றார். அவர் பையன் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபதாம். அன்று மாலைக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். நாற்பத்தைந்துக்கு என்று நான் விளக்க விளக்க, சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். என் ஜாங்கிரியைத் தின்றுவிட்டு என்னையே பாவம் பார்க்கிறார்கள், முஜீப்!

சரி, பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ப்போம் என்று போனால், அங்கே பாதி சேர்க்கை முடிந்திருந்தது. இந்த டிப்ளமோப் பிள்ளைகளுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மீதி இடத்துக்குக் கேட்டால், நம் ஊர் ப்ளஸ் டூவுக்கு இது சமம் என்று டெல்லியில் இருந்து தாள் வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்து, காத்திருந்து, அந்தத் தாளையும் வாங்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க போர்டு பேரு இந்த லிஸ்ட்லயே வரல சார். அதர்ஸ்னு போட்டா மார்க் ஏத்த மாட்டேங்குது" என்றார். பிறகு, "மைக்ரேஷன் சர்டிபிகேட் எங்க?" என்றார். அம்மா, என் பெண் செங்கல்பட்டில் வேன் ஏறி திருவிடந்தையில் இறங்கினாள், சாயங்காலம் அதே வேனில் வீட்டுக்கு வந்தாள், எங்கேயும் குடிபெயரவில்லை, அவளுக்கு எதற்கு மைக்ரேஷன் என்று கேட்டேன். "கோவப்படாதீங்க சார், ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார். அதை எழுதிக் கேட்டு வாங்குவதற்குள் இடமும் போய்விட்டது, வருடமும் போய்விட்டது.

இதற்கு நடுவில் அசல் டிப்ளமோ வந்து சேர்ந்தது. நல்ல கெட்டியான தாள், மேலே முத்திரை, கீழே கையெழுத்து. நம் வீட்டுக்கு ஒரு சர்டிபிகேட் வந்தால் முதலில் என்ன செய்வோம்? பிறப்புச் சான்றிதழில் இருந்து ரேஷன் கார்டு வரைக்கும் என்ன செய்தோமோ அதையேதான் செய்தேன். நேராக ஜெராக்ஸ் கடை சரவணகுமாரிடம் கொண்டுபோனேன். அவனும், "பாய், டபுள் மைக்ரான்ல லேமினேஷன் போட்டுடறேன், வெள்ளத்துல மெதந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்று போட்டுக் கொடுத்தான். ரிஃபானா பார்த்துவிட்டு, "அத்தா!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் பிறகு இத்தாலிக்காரனால்தான் தெரிந்தது.

இந்த வருடம் வெளிநாட்டுக்கே விண்ணப்பித்தாள். நீ சொன்ன அந்த உலகத்தின் லட்சணத்தைக் கேள். ஜெர்மனியில் ஓர் இடத்தில், இவள் படித்தது எந்தக் கணக்கு, எந்த நிலை, இரண்டாவது மொழியை எத்தனை வருடம் படித்தாள் என்று கேட்டார்கள். கணக்கில் என்னடா இரண்டு கணக்கு என்றால், அந்த டிப்ளமோவில் இரண்டு விதம் உண்டாம். ஒன்று பகுப்பாய்வாம், இன்னொன்று பயன்பாடாம். பயன்பாடு என்ற பெயரைப் பார்த்து, பிற்காலத்தில் கடைக்கு உதவுமே என்று அதையே எடுக்கச் சொன்னவன் நான்தான். பயன்படுகிற கணக்கை வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஊர் இருக்கும் என்று யார் கண்டது? லண்டன் பக்கம் கேட்டால், மொத்த மார்க் போதும், ஆனால் உயர்நிலையில் எடுத்த மூன்று பாடத்தில் ஒன்றில் ஒரு புள்ளி குறைகிறது என்கிறான். அமெரிக்காக்காரன் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை, உன்னைப் பற்றி ஒரு கதை எழுது என்கிறான். இத்தாலிக்காரன் எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டு, அசல் தாளில் இது உண்மைதான் என்று இன்னொரு முத்திரை வாங்கி வா என்றான். விசாரித்தால், திருவிடந்தையில் எழுதிய பரீட்சைக்கு முத்திரை சுவிட்சர்லாந்தில் குத்த வேண்டுமாம்! அதற்கும் தயார் என்றேன். "லேமினேட் பண்ணின பேப்பர்ல சீல் நிக்காது சார்" என்று, முத்திரை வாங்கித் தர நான் பிடித்த ஏஜென்ட் போனை வைத்துவிட்டான்.

நான் நேராக சரவணகுமாரிடம் போய், பிரித்துக் கொடு என்றேன். "போடறதுதான் பாய் என் வேலை, பிரிக்கறது இல்ல" என்றான். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, ஓர் ஓரத்தில் வைத்து மெதுவாக உரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் நன்றாகத்தான் வந்தது, ஏற்கனவே தாளில் இருந்த முத்திரையும் கூடவே வந்துவிட்டது. உன் அக்கா அடுப்படியில் இருந்து ஓடி வந்து, "எம் பொண்ணு படிப்பை இஸ்திரி போட்டுட்டியா மனுஷா!" என்று போட்ட சத்தத்தில் கோதண்டராமன் கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முத்திரை இருந்த இடம் இப்போது சொட்டையாக வெள்ளையாக இருக்கிறது. மாற்றுத் தாளுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், எப்போது வருமோ தெரியாது. யாரைக் குற்றம் சொல்வது? உன்னைத்தான் சொல்கிறேன். நீ அந்த சகனில் உட்காராமல் இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

முஜீப், கோபத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ஒரு வருடமாகப் பிள்ளை என்னோடு கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பில் போடுகிறாள், வாடிக்கையாளரிடம் தன்மையாகப் பேசுகிறாள், அவள் இல்லையென்றால் "பாப்பா வரலியா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அவள் பில் புத்தகத்துக்குப் பின்னால் அலை வரைந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். இந்த வருடமும் போய்விட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், கடையிலேயே இருந்துவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்காது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். எல்லா ஊரும் ஏதோ ஒரு சாக்கு சொல்லிவிட்டது, அவள் விண்ணப்பித்த உன் ஊர்ப் பல்கலைக்கழகம் மட்டும் இன்னும் வாயே திறக்கவில்லை. நீ நேரில் போ. மேசையைத் தட்டு. கடல் மட்டத்துக்குக் கீழே வீடு கட்டிக் குடியிருக்கிற உங்களுக்கு, கடலை அளக்கத் தெரிந்த பெண் வேண்டாமா என்று கேள். ஏற்பார்களா மாட்டார்களா, ஒரே வார்த்தையில் சொல்லச் சொல். அதுவரை என் வீட்டுப் பிரியாணி உனக்கு ஹராம்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கு சலாம் சொல். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் கொஞ்சம் நிதானமான நாவும் தருவானாக.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட
ஜெயினுலாபுதீன்

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்க என் போனை எடுத்த ரிஃபானா, அப்படியே நின்றுவிட்டாள். உன் ஊரில் இருந்து மெயில் வந்திருக்கிறது. டிப்ளமோவை ஏற்றுக்கொண்டார்களாம், செப்டம்பரில் வகுப்பாம். எந்தக் கணக்கு என்று கேட்டார்களா என்றேன். "இதுவே போதுமாம் அத்தா" என்றாள். முத்திரை? "மார்க்கை அவங்களே ஆன்லைன்ல பார்த்துக்கினாங்க. அந்தச் சொட்டையை யாரும் பார்க்கவே இல்ல" என்று சிரிக்கிறாள், அழுகிறாள். உன் அக்கா தெருவுக்கே ஜாங்கிரி சொல்லிவிட்டாள். கோதண்டராமன், "பார்டர்ல பாஸானதுக்கே ஃபாரினா பாய்!" என்று வாயைப் பிளந்து நிற்கிறார்.

ஆகவே நீ போய் மேசையைத் தட்ட வேண்டாம். ஆனாலும் இது என்ன பல்கலைக்கழகம், முஜீப்? ஒரு கேள்வி இல்லாமல், ஒரு தாள் குறைகிறது என்று சொல்லாமல், ஒரு பெண்ணை அவ்வளவு லேசாகவா எடுத்துக்கொள்வார்கள்? அந்தப் பக்கம் போனால் மெதுவாகக் கேட்டுப் பார், ஒரு மைக்ரேஷன் சர்டிபிகேட்டாவது வேண்டுமா என்று. நான் வாங்கித் தர கொஞ்சம் நாளாகும்.

கேட்க மாட்டாய், தெரியும். சரி விடு. அவள் தங்கப்போகும் அறையில் கட்டில் என்ன அளவு என்று மட்டும் பார்த்து எழுது.