பாதம் வைத்த எழுத்து

குடிநீர் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் இனி ஒரே வகை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் தீர ஆலோசித்து முடிவெடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஆலோசிக்க அன்றைக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்குக் குழாய் கிடையாது. முழங்கால் வலியோடு என் மனைவி நாலு வருஷமாகப் பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள். அதனால் நானே விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன்.

அலுவலர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பெரியவரே, என்ன இது?"

"குழாய் வேணும்னு எழுதியிருக்கேன் சார்."

"அது கிடக்கட்டும். எழுத்து என்ன எழுத்து?"

"நானே எழுதினது."

"அதான் தப்பு. அதோ பாருங்க." சுவரில் ஒரு மாதிரித் தாள் தொங்கியது. "பழைய காலத்துப் புத்தக எழுத்து. பட்டை நிப்பைச் சாய்ச்சுப் பிடிச்சு எழுதின மாதிரி ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிசு. கோடு முடியிற இடத்துல சின்னதா ஒரு பாதம். கண்ணு வரியை விட்டு வழுக்காது. என்ன கண்ணியம் பார்த்தீங்களா?"

"கையால எழுதின மாதிரி இருக்கணும், அவ்வளவுதானே?"

"அதேதான்."

"நான் கையாலேயே எழுதியிருக்கேனே சார்!"

"கையால எழுதினது செல்லாது பெரியவரே. கையால எழுதின மாதிரி இருக்கிறதுதான் செல்லும்."

கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக்கொண்டு போனேன். பாதம் இல்லை என்று திருப்பினார். பாதம் வைத்துக்கொண்டு போனேன். சாய்வு போதாது என்றார். நாலாம் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அருமை!" என்று வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பதில் வந்தது. கெட்டித் தாள், அதே எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் தலை சீவி நின்றது.

"கல்யாணப் பத்திரிகை தோத்துடும்ங்க!" என்றாள் மனைவி.

என் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டினேன். தெருவே வந்து பார்த்தது. தையல்காரர் தன் கடைப் பலகையை அதே எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

எட்டாம் நாள் தெருவில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி காலிக் குடத்தோடு கடைக்கு வந்து, அந்தக் கடிதத்தை முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தாள்.

"தங்கள் தெருக் குழாய்க்கு மேலும் ஒரு வீட்டைத் தாங்கும் வலு இல்லாததால், பாரபட்சம் தவிர்க்கும் பொருட்டு அனைத்து இணைப்புகளும் துண்டிக்கப்படும். ஆட்சேபணை இருப்பின் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

"ஏண்ணே, உங்க கடைச் சுவர்லதானே இருந்துச்சு? நீங்க படிக்கலையா?"

"தினம் நின்னு ரசிச்சியே, நீ படிச்சியா?"

தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். முகம் வெளுத்தது.

"கையெழுத்து உங்களோடதுதானே சார்? படிக்காமலா போட்டீங்க?"

"பாதமெல்லாம் சரியா இருந்துச்சே பெரியவரே..."

எங்கள் தெருவுக்கு வரும் குழாயின் கடைசி வீடு அவருடையது. அன்றைக்கு அவரும் குளிக்காமல்தான் வந்திருந்தார்.