மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு நீலக் கார்

விமானம் தலைகீழாகப் புரண்ட நேரம் பார்த்து ரேடியோ செத்துப்போனது.

"மக்களே, இப்போ பாருங்க..." என்று கூவிய அறிவிப்பாளரின் குரல் பாதியில் அடங்கியது. கார்னெட் சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். அந்த டிக்கும் இல்லை.

தொற்றுக்காலத்துக் கோடை அது. விமான சாகசம் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடுதளத்தின் ஓரம் மஞ்சள் கட்டங்கள் போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு ஒரு கார். வர்ணனை கார் ரேடியோவில். கைதட்டலுக்குப் பதில் ஹாரன். கோட்டைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கார் மனைவி மேவிஸுடையது. ஸ்டியரிங்குக்கு அவள் பின்னிப் போட்ட ஆரஞ்சு உறையே அதற்குச் சாட்சி. தன் வண்டியில் ரேடியோ இல்லாததால், "பிரேக் சரியில்ல" என்று புளுகி இதை வாங்கி வந்திருந்தார். மச்சான் வீட்டு வேலிக்கு வண்ணம் அடிக்கப் போவதாக இரண்டாவது புளுகு. பாவம், அவர் வேறென்ன செய்வார்? போன முறை விமானம் பார்க்கப் போய், அந்த மச்சான் மகள் கல்யாணத்தையே கோட்டைவிட்டவர்.

"இன்னொரு தடவை அந்தத் தகரப் பறவைங்களப் பாக்கப் போனீங்க, அங்கயே குடித்தனம் பண்ணிக்கோங்க" என்றிருந்தாள் மேவிஸ். சொன்னால் செய்கிறவள்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரேடியோவைப் போட்டதுமே, அலைவரிசையைத் தேடாமலே வர்ணனை கேட்டது. நல்ல சகுனம் என்று பூரித்துப்போனார்.

இப்போது உதவிக்கு ஹாரனை அழுத்தினார். அது சளி பிடித்த வாத்துபோல் முனகியது. பாராட்டுகிறார் என்று நினைத்து, நானூறு கார்கள் சேர்ந்து அலறின.

முன்மூடியைத் திறந்தார். பக்கத்துக் கட்டத்துக்காரர் தலையை நீட்டினார்.

"மன்னிக்கணும்ண்ணே, பேட்டரியா?"

"நீங்க மன்னிக்கணும். தொந்தரவு பண்றேன்."

"சேச்சே, எங்கிட்ட கேபிள் இருக்கு. ஆனா கோட்டைத் தாண்டக் கூடாதே. வீசுறேன், பிடிங்க!"

வீசினார். கேபிள் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத ஆறடி இடைவெளியில் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மன்னிக்கணும்" என்றார் பக்கத்துக்காரர்.

கார்னெட் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார். தொண்டர் ஒருவர் முகக்கவசத்தோடு ஓடி வந்தார்.

"பேட்டரிதானே ஐயா? கவலையே வேணாம். ரேடியோவுல உங்க கார் நம்பரைச் சொல்லி உதவி கேட்டுடறோம்."

கார்னெட் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டித் தடுத்தார். இந்த ரேடியோ சுற்றுவட்டாரத்துச் சமையலறைகளிலெல்லாம் கேட்கும். மேவிஸின் சமையலறை இரண்டு மைல்தான்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சத்தமில்லாம முடிச்சிடுங்க. என் குடும்பமே உங்க கையிலதான் இருக்கு!"

தொண்டர் அவருடைய வெற்று மார்பைப் பார்த்து இரங்கினார். கையிலிருந்த வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார்.

பத்து நிமிடத்தில் பழுதுபார்க்கும் வண்டி வந்தது. ஓட்டி வந்த பெண் கேபிளை மாட்டினாள். என்ஜின் உறுமியது, ரேடியோ உயிர் பெற்றது. கார்னெட்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வேலி, வண்ணம், வீடு, இரவுச் சாப்பாடு எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டன.

"மகராசியா இரும்மா! ரேடியோவுல வந்திருந்தா என் கதி அதோகதி."

அவள் ஆரஞ்சு உறையைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதல்ல பேட்டரியை மாத்துங்கய்யா. நேத்து ஷோவுலயும் இதே காருக்கு நான்தான் வந்தேன். அந்தம்மாவும் இப்படித்தான் கையெடுத்துக் கும்பிட்டாங்க, 'ரேடியோவுல மட்டும் சொல்லிடாதே தாயீ, எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா என் மானமே போயிடும்'னு!"