சோதனைக்குச் சுட்டது கணக்கில் சேராது

ஒரே துளைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் கல்லெறிந்தால் இரண்டு பேர்மேல் படும். வேட்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மானே எதிரில் வந்து நின்றாலும், "தள்ளி நில்லு, காத்துக்கொடி மறைக்குது" என்பார். கல்மேசை, அதன்மேல் மணல்மூட்டை, அதன்மேல் துப்பாக்கி. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு காகித அட்டை, வழியில் காற்றுப் பார்க்கச் சின்னக் கொடி. அந்த அட்டையில் ஐந்து குண்டும் ஒரே துளை வழியாகப் போக வேண்டும். இவ்வளவுதான் அவர் பிறவி எடுத்த காரியம்.

கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. வெற்றுக் கூடுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, கனமானதைக் கனமானதோடும் மெலிந்ததை மெலிந்ததோடும் சேர்த்து, வாயைச் சுரண்டி, அடியைத் துடைத்து, வெடிமருந்தை மணிமணியாக நிறுத்துப் போட்டு, குண்டை மயிரிழை அளந்து உள்ளே அழுத்தி, பிறகு அந்தத் தோட்டாவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

என் சித்தப்பாவின் இரண்டாம் தாரத்து மகள் லியோனாவின் கணவர் வெண்டல் ஸ்ட்ரிக்லர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். தாய்வழியில் ரம்பார்கர் குடும்பம். அந்த வீட்டில் பன்றித்தொடைக்குத் தடவும் உப்பை மூன்று முறை சலிப்பார்கள். பிள்ளை வேறு எப்படிப் பிறக்கும்?

வீட்டின் கீழறை முழுக்க அவர் ராஜ்யம். அங்கே இருக்கும் தராசு, மாடியில் ஆள் நடந்தாலே முள் மாறும் என்பது அவர் கட்சி.

"லியோனா, நடக்காதே."

"பீன்ஸ் சூப்பு பொங்குதுங்க."

"பொங்கட்டும். பத்து நிமிஷம் அசையாம நில்லு."

நின்றாள். முப்பத்தொரு வருஷமாக நிற்கிறாள்.

போன குளிர்காலத்தில்தான் அவளுக்குக் கால் வலித்தது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற அவளுடைய பத்தடிச் சட்டம் கார் நிறுத்தும் கொட்டகையில் பனி அள்ளும் மண்வெட்டிகளோடு கிடந்தது. என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆகஸ்ட் போட்டியில முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா கீழறை உங்களுக்கு. வரலேன்னா என் சட்டம் கீழே இறங்கும். அண்ணே, நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல?"

கேட்டுக்கொண்டேன். வெண்டலும் கைகொடுத்தார். மறுநாளே துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டிக்கொண்டு வந்தார்.

குழலுக்கு ஆயுசு உண்டு. ஆயிரத்து இருநூறு முறை கூர்மையாகச் சுடும். அதற்குமேல் தொண்டை கருகி, குண்டு மனம்போன போக்கில் போகும். அந்த இனத்தில் இது தெரியாதவர் கிடையாது. தெரிந்து என்ன செய்ய?

சனிக்கிழமைதோறும் சோதனை. மருந்து ஒரு மணி கூட, ஒரு மணி குறைய. குண்டு மயிரிழை உள்ளே, மயிரிழை வெளியே. எல்லாம் பார்த்து முடித்த அன்று வேறு கம்பெனி மருந்து கிடைத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நான்கு குண்டு ஒட்டி விழுந்து ஐந்தாவது விலகிப் போனால்?

"அது காத்து, மச்சான். அதைச் சேர்க்கக் கூடாது."

"கொடி அசையவே இல்லையே, மாப்பிள்ளை."

"அசையாத காத்துதான் ரொம்ப மோசம்."

ஜூலைக் கடைசியில் அகப்பட்டுவிட்டது. ஐந்து குண்டு, ஒரே துளை. சட்டைப் பொத்தான்கூட நுழையாது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுவோம். அவர், "தற்செயலா விழுந்திருக்கலாம்" என்று இன்னும் ஐந்து சுட்டார். அதுவும் ஒரே துளை. சந்தோஷத்தில் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது நாள் உறுதிசெய்தார்.

போட்டியன்று முதல் அட்டையைக் கொண்டுவந்தார்கள். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. இரண்டாவது அட்டையில் மாவு சலிக்கலாம். குழல் மாட்டிக் கொடுத்த கேலன் மோயர் நுனியில் கண்ணாடி வைத்த மெல்லிய கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மாமா, இதுல எத்தனை சுட்டீங்க?"

"பத்துதான்." நோட்டைப் பிரித்தே காட்டினார். "இன்னிக்குக் காலையில சுட்டது."

"அதுக்கு முன்னால?"

"அதெல்லாம் சோதனைக்குச் சுட்டது. கணக்குல சேராது."

"நீங்க சேர்க்கலை, மாமா. குழல் சேர்த்துக்கிச்சே."

இருபத்தெட்டுப் பேரில் வெண்டல் இருபத்தேழாவது. இருபத்தெட்டாமவர் பல்வலி என்று பாதியில் வீட்டுக்குப் போனவர்.

அவரை வீட்டில் விட நானும் கூடப் போனேன். லியோனா அவர் முகத்தைப் பார்த்தாள். ஏப்ரனிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். கீழறைக்கு இறங்கினாள். இவர் பின்னாலேயே போனார்.

"லியோனா, இன்னும் ஒரே ஒரு குழல்..."

"அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். தராசு மேசைக்கு மேலாக, சுவருக்குச் சுவர் நாடா இழுபட்டு நின்றது.

"பத்தடி ரெண்டங்குலம்," என்றாள். "மேசை போயிட்டா சட்டம் தாராளமா நுழையும்."

வெண்டல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதா என்றால், கலங்கியதுதான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"எதுக்கும் இன்னொரு தரம் அளந்துடு. ஒரே அளவை நம்பி எதுவும் சொல்ல முடியாது."

அளந்தார்கள். நான் மேலே வந்து சூப்பு குடித்தேன். இரண்டாவது கிண்ணம் முடிகிற வரைக்கும் கீழே அளந்துகொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்த இனத்தில் சேரத் துப்பாக்கி வேண்டும் என்று கட்டாயமில்லை. 'இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறேன்' என்று எதையாவது வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாம் அப்படி இல்லை என்கிறீர்களா? உங்கள் அறைக்குள் இதுவரை யாரும் நாடாவோடு வரவில்லை என்கிறீர்களா? நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அளந்திருப்பார்கள்.